150 மீற்றர் ஓடுபாதையும் இரண்டு கியூப் மணலும்: எங்கள் ஆரம்பப் பாடசாலையில் விளையாட்டைத் தொடங்கிய விதம்

இந்த மாரி முழுக்க எங்கள் பாடசாலையின் பாய்தல் கிடங்கில் தண்ணீர் நிற்கவில்லை. மழை விட்ட மறுநாள் காலை மணலைக் கிளறிவிட்டுப் பிள்ளைகளைப் பாயவிட முடிந்தது. மைதானத்தின் நடுவில் வருடா வருடம் தாழ்ந்துபோகும் இடமும் இந்த முறை தாழவில்லை. ஆகவே இனி எழுதலாம் என்று துணிந்தேன். ஒரு மாரி கடக்காமல் வன்னியில் எந்த மண் வேலையையும் சரிவந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பாடசாலை துணுக்காய் வலயத்தில், வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்குக் கிட்ட இருக்கிறது. தரம் 5 வரை மட்டும் உள்ள வகை 3 பாடசாலை, நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் இல்லை; வகுப்பாசிரியர்களே எல்லாம். நான் தரம் 4 எடுக்கிறேன். இங்கே விளையாட்டு என்றால் முதலாம் தவணையில் வரும் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றுதான் இருந்தது. பொங்கல் முடியப் பயிற்சி தொடங்கும். தாராநடை, தவளைப் பாய்ச்சல், சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம் எல்லாம் நடக்கும். வேகமாக ஓடும் பத்துப் பதினைந்து பிள்ளைகளே எல்லாவற்றிலும் ஓடுவார்கள். மற்றவர்கள் இல்லக் கூடாரத்தில் இருந்து கைதட்டுவார்கள். போட்டி முடிந்தால் பந்துகள் அலுமாரிக்குள் போய்விடும், அடுத்த தை வரை வெளியே வராது.

5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. கூடாரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? கடைசியாக ஓடி வரும் பிள்ளையும் பாடசாலை நாட்களில் வேர்க்க விளையாட வேண்டும். நாங்கள் செய்த வேலைகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

நிலம்

மைதானம் 80 மீற்றர் நீளம், 45 மீற்றர் அகலம். பார்வைக்குத் தட்டை. மேசன் ஒருவரிடம் மட்டக்குழாயை இரவல் வாங்கிப் பிடித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. உள்ளே தண்ணீர் தெரியும் விரல் தடிப்புள்ள பிளாஸ்ரிக் குழாய், 20 மீற்றர். காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு நுனியையும் இரண்டு தடியில் கட்டிப் பிடித்தால் தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். நிலத்திலிருந்து அந்த மட்டம் வரை அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரிவு. தடி பிடித்ததும் கழித்ததும் தரம் 5 பிள்ளைகள். வடமேற்கு மூலைக்கும் தென்கிழக்கு மூலைக்கும் 60 சென்ரிமீற்றர் வித்தியாசம். பழைய பாய்தல் கிடங்கு இருந்தது அந்தப் பள்ள மூலையில்தான். ஐப்பசி தொடங்கித் தை வரை அது குட்டையாகக் கிடக்கும். நுளம்பு பெருகுகிறது, மூடுங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லியிருந்தார்.

மண் ஏற்றி மைதானத்தை மட்டப்படுத்தலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அதைக் கைவிட்டோம். நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிந்தால்கூடப் பிள்ளைகளின் காலுக்குத் தெரியாது, தண்ணீர் மட்டும் தானாக வடிந்துவிடும். எங்கள் சரிவு அதிலும் குறைவு. பள்ள மூலையில் வேலியோரமாக ஒரு அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி வீதி மதகோடு சேர்த்தோம். ஒரு சனிக்கிழமைச் சிரமதானத்தோடு அது முடிந்தது. செலவு தேத்தண்ணியும் பணிசும்தான்.

நெருஞ்சி அப்படி லேசில் விடவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். சப்பாத்தைக் கழற்றினால்தான் அவர்களுக்கு ஓட்டம் வரும். முதலில் புல் வெட்டும் இயந்திரம் பிடித்து வெட்டினோம். அது உதவவில்லை. நெருஞ்சி நிலத்தோடு படருவது, இயந்திரம் மேலால் போய்விடும், போகும்போது முற்றிய காயையும் சிதறடிக்கும். மஞ்சள் பூக் கண்டவுடன், காய் முற்றுமுன், செடியின் கழுத்துக்குக் கீழே சிறு மண்வெட்டியால் வெட்டி எடுக்க வேண்டும். எடுத்ததை வேலியோரம் எறியக்கூடாது, எரிக்க வேண்டும். ஏற்கெனவே கொட்டிக் கிடக்கும் முட்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சணல் சாக்கு ஒன்றை நனைத்து, உள்ளே இரண்டு செங்கல்லைப் போட்டுக் கட்டி, கயிற்றால் மைதானம் முழுக்க இழுப்பது. முட்கள் சாக்கில் குத்தி ஏறிக்கொள்ளும். திருப்பிப் பார்த்தால் சாக்கின் அடி முள்ளால் மூடிக் கிடக்கும். எந்த வரியில் இழுத்தபோது அதிகம் ஏறியது என்று பார்த்து, அந்த வரியையே திரும்ப இழுத்தோம். நிலத்துக்குள் கிடக்கும் விதை சில வருடங்களுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மாரி முடியும்போதெல்லாம் இந்த வேலை உண்டு என்று பாடசாலை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறோம்.

நடுவில் தாழும் இடம்

மைதானத்தின் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அகலத்தில் நிலம் தாழும். ஒவ்வொரு கோடையிலும் மண் போட்டு நிரப்புவோம். அடுத்த மாரியில் மறுபடி முழங்கால் அளவுக்கு இறங்கிவிடும். ஓடும் பிள்ளை காலை வைத்தால் கணுக்கால் பிரளும்.

காரணத்தைச் சொன்னவர் ஒரு மாணவியின் பேரனார். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர், நாங்கள் மண் கொட்டுவதைப் பார்த்துவிட்டு நின்றார். "அதில எவ்வளவு போட்டாலும் நிக்காது ரீச்சர். அது பிள்ளையளின்ர பங்கர். கிபீர் வாற காலத்தில நாங்கள்தான் வெட்டிக் குடுத்தனாங்கள்" என்றார். கிபீர் என்றால் குண்டு போட வரும் போர் விமானம். கைத்தடியால் நிலத்தில் கீறியும் காட்டினார். ட வடிவம். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை. 2008 இல் சனம் இடம்பெயர்ந்து போனபோது அது அப்படியே கிடந்திருக்கிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு யாரோ மேலால் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். குற்றிகள் உள்ளே உக்க உக்க மேலே நிலம் இறங்குகிறது. மேலே போடும் மண் உள்ளிருக்கும் வெறுமைக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

சரி, தோண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வன்னியில் மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் நிலத்தைத் துப்புரவாக்கிக் கையளிப்பது குறிப்பிட்ட ஓர் ஆழம் வரைதான். பாடசாலைக் காணி துப்புரவாக்கப்பட்டது என்பதால் ஐந்தடி ஆழத்துக்கும் அது பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. அதிபர் கிராம அலுவலர் மூலம் எழுத்தில் அறிவித்து, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் ஜேசிபி உள்ளே வந்தது. சனிக்கிழமை, பிள்ளைகள் ஒருவரும் இல்லாத நாள். தெரியாத எந்தப் பொருள் தென்பட்டாலும் இயந்திரத்தை நிறுத்தி, தொடாமல் விலகி, பொலிசுக்குச் சொல்வது என்று ஓட்டுநர் அண்ணையோடு முதலே பேசிக்கொண்டோம். அப்படி ஒன்றும் வரவில்லை. வந்தது உக்கித் தும்பாகிப்போன பனங்குற்றி, உரப்பைக் கிழிசல், அடியில் ஒரு சின்னச் செருப்பு.

நிரப்பும்போது முன்பு செய்ததுபோல் ஒரேயடியாகக் கொட்டவில்லை. கிரவல் மண்ணை அரை அடி உயரத்துக்கு மட்டும் பரப்பி, தண்ணீர் தெளித்து, மொங்கான் போட்டு இறுக்கி, அதற்கு மேல் அடுத்த அரை அடி. மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரம் போதும், சேறானால் இறுகாது. மொங்கானுக்கு முதிரை மரக்குற்றி ஒன்றில் கைபிடி அடித்துக்கொண்டோம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் போட வேண்டிய பாரம். மேலே வந்தபோது சுற்று நிலத்தைவிட மூன்று அங்குலம் உயர்த்தி விட்டோம். மாரியில் அது இறங்கிச் சமமாகிவிட்டது, அதற்குக் கீழே போகவில்லை. ஜேசிபிக்கு 14,000 ரூபா, ஒரு டிப்பர் கிரவலுக்கு 12,000 ரூபா. வருடா வருடம் கொட்டிய மண்ணின் காசைக் கூட்டிப் பார்த்தால் இது மலிவு.

பாய்தல் கிடங்கு

புதுக் கிடங்குக்கு இடம் தேடியபோது மூன்று இடங்களில் இரண்டடி ஆழக் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிவிட்டுப் பார்த்தோம். பள்ள மூலையில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையும் நின்றது. நடுவேலியோரம் பின்னேரம் வரை இருந்தது. வடமேற்கு மேட்டில், கிரவல் கலந்த நிலத்தில், இடைவேளை மணி அடிக்குமுன் வற்றிவிட்டது. இடம் அதுவே. இப்படிப் பார்க்க ஒரு சதமும் தேவையில்லை. பழைய கிடங்கு வெட்டியபோது யாராவது இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் அத்தனை வருடம் வீணாகியிருக்காது.

நீளம் 5 மீற்றர், அகலம் 2.75 மீற்றர், மணல் ஆழம் 40 சென்ரிமீற்றர். பெருக்கினால் 5.5 கன மீற்றர். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆக இரண்டு கியூப் மணல் அளவாகப் போதும். மணலுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் உடைகல், அதன் நடுவில் மூன்றடி ஆழத்துக்கு ஓர் ஊறுகுழி, அதற்குள் செங்கல் உடைசல். வெளித் தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிவர அரை அடி உயர மண் அணை.

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மணல் என்று கேட்டால் கிடைப்பதையெல்லாம் கிடங்குக்குள் போட முடியாது. மண்டி கலந்த மணல் ஒரு மழை நனைந்து ஒரு வெயில் காய்ந்தால் சீமெந்து நிலம்போல் இறுகிவிடும். அதில் பாயும் பிள்ளையின் முழங்கால்தான் பதில் சொல்லும். முதலில் காட்டப்பட்ட மாதிரியை ஒரு சோடாப் போத்தலில் பாதிக்குப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஜன்னல் விளிம்பில் வைத்தோம். சில மணித்தியாலத்தில் மணல் கீழேயும் மண்டி மேலேயுமாகப் படியும். அந்த மாதிரியில் மண்டி மட்டும் ஒரு விரற்கடை. வேண்டாம் என்று விட்டோம். இரண்டாவது மாதிரியில் ஒரு நூல் தடிப்புக்கு மேல் இல்லை, பருமணலும்கூட. அதை ஏற்றுவித்தோம். அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம்தான் வாங்கினோம். பாடசாலைக்கு என்று சொன்னாலும் பத்திரமில்லாமல் ஆற்று மணல் ஏற்றுவது சட்டத்துக்கு மாறானது, ஆறும் நம்முடையதுதான். இரண்டு கியூப்பும் ஏற்றுக்கூலியோடு 36,000 ரூபா. மொத்தச் செலவில் பெரிய துண்டு இதுதான்.

விளிம்புக்குச் செங்கல் கட்டிச் சீமெந்து பூசலாம் என்று மேசன் சொன்னார். சறுக்கி விழும் பிள்ளையின் தலை அதில் அடிபடும். பதிலுக்கு முச்சக்கரவண்டிப் பழைய ரயர்களைப் பாதியாக வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி மண்ணில் புதைத்து, உள்ளே இறுக்கி மண் நிரப்பினோம். ரயரை வாய் திறந்தபடி விட்டால் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். மூடுவதற்குத் தறப்பாள் போட்டால் அதிலும் தண்ணீர் தேங்கும். நாற்றுமேடைக்குப் பாவிக்கும் பச்சை நிழல்வலையை விரித்து நான்கு பக்கமும் கல் வைக்கிறோம். மழை ஊடே போய்விடும், நாயும் பூனையும் கிளறாது. காலையில் வலையைச் சுருட்டி, விறாண்டியால் மணலைக் கிளறி, ஓடும் கால்களுக்கு ஆகாதது ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பது அன்றைய பொறுப்பு வகுப்பின் வேலை. பலகை வைக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் பலகையைப் பார்த்துக் கால் மாற்றியே ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அரை மீற்றர் அகலத்துக்கு வெள்ளைத் தூள் தூவி, கால் பதிந்த இடத்திலிருந்து அளக்கிறோம்.

ஓடுபாதை

400 மீற்றருக்கு இடமில்லை, ஆரம்பப் பிள்ளைகளுக்கு அது தேவையும் இல்லை. 150 மீற்றர் போதும் என்று தீர்மானித்தோம். கணக்கு இப்படி: வளைவின் உள்கோடு 12 மீற்றர் ஆரை. தூரத்தை அந்தக் கோட்டின் மேல் அளப்பதில்லை, ஓடுபவர் கோட்டுக்கு 20 சென்ரிமீற்றர் வெளியே ஓடுவதாக எடுத்துத்தான் அளப்பது. ஆகவே 12.20 மீற்றர் ஆரைக்கு முழு வட்டம் 76.65 மீற்றர். 150 இலிருந்து அதைக் கழித்துப் பாதியாக்கினால் நேர்பாதை ஒவ்வொன்றும் 36.67 மீற்றர். ஒரு மீற்றர் அகலத்தில் நான்கு ஒழுங்கை. வெளி அளவு 68.67 நீளம், 32 அகலம். எங்கள் மைதானத்துக்குள் தாராளமாக அடங்கும். ஒரு சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் ஒழுங்கை 6.28 மீற்றர் முன்னால் தொடங்க வேண்டும், மூன்றாவது 12.57, நான்காவது 18.85. இதைக் கண்மதிப்பில் வைத்தபோதெல்லாம் வெளி ஒழுங்கைப் பிள்ளைக்கு அநியாயம் நடந்துகொண்டிருந்தது.

செங்கோணத்துக்கு 6, 8, 10 மீற்றர் கயிற்று முக்கோணம். வளைவு கீற முதலில் நைலோன் கயிறு பிடித்தோம். இழுக்க இழுக்க அது நீண்டது, வளைவின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட ஒரு சாண் வெளியே போய்விட்டது. மேசன்மார் கம்பி கட்டும் கட்டுக்கம்பியை இரண்டாக முறுக்கிப் பிடித்த பிறகு வட்டம் வட்டமாக வந்தது. சரிபார்க்கச் சைக்கிள் உதவியது. முன் சில்லில் துணி கட்டி, அளவுநாடா விரித்த 20 மீற்றரை உருட்டி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்து, பிறகு பாதையைச் சுற்றி உருட்டினோம். ஒரு முழத்துக்குள் சரிவந்தது.

கோடு போடும் தூளிலும் ஒரு மாற்றம் செய்தோம். இங்கே வழக்கம் சுண்ணாம்பு. அது காரமானது. விழுந்த பிள்ளையின் கண்ணில் பட்டால் எரித்துவிடும், வேர்வையோடு சேர்ந்தால் தோலையும் அரிக்கும். தென்னைக்குப் போடும் டொலமைட் தூள் விவசாயக் கடைகளில் கிடைக்கிறது. அந்தக் காரம் இதற்கு இல்லை. வெண்மை கொஞ்சம் குறைவு, சோளகம் வீசும் மாதங்களில் காற்றோடும் போகும். தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் ஊற்றினால் நின்று பிடிக்கிறது. 50 கிலோப் பையை 1,500 ரூபாவுக்கு வாங்கினோம்.

உபகரணங்கள்

தடைகளை அரை அங்குல பிவிசி குழாயில் செய்தோம். உயரம் 20, 30, 40 சென்ரிமீற்றர் என்று மூன்று அளவு. முதலில் எல்லா மூட்டையும் பசை போட்டு ஒட்டினோம். கால் பட்டதும் மூட்டு உடைந்து கூர் கூராக நின்றது, அதோடு குழாய் வெயிலில் மொறுமொறுத்தும் போகிறது. இப்போது மேல் குழாயை ஒட்டுவதில்லை. நிற்கும் குழாயின் தலையில் பிறை வடிவில் வெட்டி, மேற்குழாயை அதில் சும்மா வைக்கிறோம், எந்தப் பக்கம் தட்டினாலும் விழும். காற்றுக்குச் சரியாமல் இருக்க அடிக்குழாய்களுக்குள் மணல் நிரப்பி மூடி போட்டோம். பாவித்ததும் நிழலில் அடுக்கி வைத்தால் இரண்டு வருடம் வரும் என்று நினைக்கிறேன்.

பந்துதான் பெரிய தலையிடி. கடைப் பிளாஸ்ரிக் பந்து நெருஞ்சியிலும் வேலி முள்ளிலும் ஒரு கிழமை தாங்காது. இப்போது பிள்ளைகளே செய்கிறார்கள். பழைய நூல்சேலைத் துண்டை இறுகச் சுருட்டித் தேசிக்காயைவிடச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். சைக்கிள் ரியூபைக் குறுக்கே அரை அங்குல வளையங்களாக வெட்ட வேண்டும். வளையத்தை இழுத்து உருண்டை மேல் மாட்டி, அடுத்ததை அதற்குக் குறுக்கே, அதற்கடுத்ததைச் சாய்வாக, துணி தெரியாத வரை மாட்டிக்கொண்டே போகலாம். கடைசி வளையங்கள் போடும்போது பந்து கையில் துள்ளத் தொடங்கும். அந்த நேரம் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ரியூப் சைக்கிள் கடையில் சும்மா தருகிறார்கள். எறிதலுக்கு அதே உருண்டையைப் பழைய காலுறைக்குள் போட்டு, முழ நீளத்துக்குத் துணியில் ஒரு வால் தைத்துவிட்டோம். வால் இருந்தால் எறிந்தது எங்கே விழுந்தது என்று தெரியும், கையும் தானாக மேலால் சுழன்று வரும்.

குழாய், கயிறு, கூம்புகள், அளவுநாடா, நல்ல பந்துகள் சில எல்லாம் சேர்த்து 24,000 ரூபா. மொத்தம் 90,000 ரூபாவுக்குள் முடிந்தது. வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்கள் தந்தது பெரும்பங்கு. அவர்கள் முதலில் கேட்டது வெற்றிக் கிண்ணங்களும் பெயர் பொறித்த கூடாரமும் வாங்கித் தரவா என்று. மணலும் கிரவலும் வாங்கித் தாருங்கள் என்று படத்தோடு எழுதினோம். விளங்கிக்கொண்டார்கள். இப்படி உதவி கிடைக்கும் பாடசாலைகளுக்கு நான் சொல்லக்கூடியது, முதல் காசு நிலத்துக்குள் போகட்டும் என்பதே.

பிள்ளைகளைக் களத்தில் இறக்கியது

முதல் ஒழுங்கு சரிவரவில்லை. முழு வகுப்பையும் இரண்டு வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, இரண்டிரண்டு பேராக ஓடவிட்டோம். பார்க்க ஒழுங்காக இருந்தது. மெலிந்த ஒரு பிள்ளையை மட்டும் கவனித்து நேரம் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் அவள் அசைந்தது ஒரு நிமிடம்கூட இல்லை. மிச்சமெல்லாம் வரிசையில் நின்று வெயில் காய்ந்தது. அடுத்த கிழமையே மாற்றினோம். இப்போது வகுப்பு நான்கு குழு, குழுவுக்கு ஐந்தாறு பேர். ஓரிடத்தில் தடை தாண்டல், ஓரிடத்தில் பாய்தல், ஓரிடத்தில் எறிதல், நான்காவதில் விளையாட்டு. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மணி, குழு அடுத்த இடத்துக்கு நகரும். கிழமையில் நான்கு நாள், வெயில் ஏறுமுன். ஒரே ஆசிரியர் நான்கு இடத்தையும் பார்க்க முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். புதிய செயல் ஒரு நேரத்தில் ஒரு நிலையத்தில் மட்டும்தான் வரும். மற்ற மூன்றும் பழகியவை.

நான்காவது நிலையத்தில் தரம் 4, 5 க்குக் கிளித்தட்டு, கோடுகளில் நின்று மறிப்பவர்களைத் தாண்டி ஓடும் விளையாட்டு. உபகரணம் எதுவும் வேண்டாம், கோடு போதும். மறிப்பவரும் ஓடுவார், தாண்டுபவரும் ஓடுவார், ஒருவரும் சும்மா நிற்க முடியாது. சடாரென்று நிற்பது, திரும்புவது, ஏமாற்றிப் பாய்வது எல்லாம் அதில் வருகிறது. ஊரில் பெரியவர்களுக்கும் தெரிந்த விளையாட்டு என்பதால் பின்னேரங்களில் தகப்பன்மார் வந்து சேர்ந்துகொள்வதும் உண்டு. போலியோவால் மெலிந்த காலோடு வளர்ந்த ஒரு தகப்பன் மறிப்பவராக நின்று முழுத் தட்டையும் மறித்ததைப் பார்த்த பிறகுதான், ஒரு கால் மெலிந்த எங்கள் மாணவன் ஒருவனும் நானும் நிற்கிறேன் என்று கேட்டான். இப்போது அவனைத் தாண்டுவது கஷ்டம்.

நின்ற இடத்திலிருந்து பாய்வதற்குச் சீமெந்து நடைபாதை ஓரத்தில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக அளவு கீறி நிறப்பூச்சு அடித்தோம். அதன் பக்கத்து மண்ணில்தான் பாய்வது, சீமெந்தில் அல்ல. பிள்ளை தன் எண்ணைத் தன் கொப்பியில் எழுதும். இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதில்லை, போன மாத எண்ணோடு மட்டும். சுவரில் யாருடைய பெயரும் ஒட்டவில்லை. வலயப் போட்டிக்கு ஆள் தெரிவு செய்யும் நேரத்திலும் இந்த அரை மணித்தியாலத்தைத் தொடவிடக் கூடாது என்று அதிபரோடு உடன்பட்டிருக்கிறோம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது தரம் 5 பெற்றார் கேட்கத்தான் செய்தார்கள். ஒரு மாதம் விட்டுப் பாருங்கள் என்றோம். காலையில் ஓடிவிட்டு வரும் பிள்ளைகள் கணித பாடத்தில் நித்திரை கொள்வதில்லை என்று தரம் 5 ஆசிரியரே கூட்டத்தில் சொன்னார்.

தாய்மாரின் முறைப்பாடு வேறு. வெள்ளைச் சீருடையில் செம்மண். ஆவணி மாதக் கிணற்றில் வாளி அடியைத் தட்டும்போது நான்கு நாளும் உடுப்புத் தோய்க்க எங்கே தண்ணீர்? நியாயமான கேள்வி. விளையாட்டு நாட்களில் பழைய ரீசேட்டும் அரைக் காற்சட்டையும் போட்டு வரலாம், முடிந்ததும் சீருடை மாற்றலாம் என்று அதிபர் அனுமதித்தார். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அதனாலேயே பெரிய விடுதலை. சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் கையை வீசி ஓடுகிறார்கள். அவர்களுக்கு உடுப்பு மாற்ற நூலக அறையின் ஒரு மூலையில் திரை கட்டினோம். பெற்றார் கூட்டத்தில் ஒரு அம்மம்மா, பெட்டையளுக்கு ஓட்டம் எதுக்கு என்று கேட்டா. 72 வயதில், 2023 இல், பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்ற முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மாவின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். உற்றுப் பார்த்தா. "எங்கட முல்லைத்தீவோ?" என்று கேட்டா. பேத்தி இப்போது தவறாமல் வருகிறாள்.

சாப்பாட்டை நான் இன்னும் முன்னதாகவே யோசித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு காலை ஒரு சின்னவன் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். யார் சாப்பிடவில்லை, கையை உயர்த்துங்கள் என்று எல்லோர் முன்னும் கேட்கக் கூடாது. பாடசாலை உணவை முதல் வேலையாக்கி, அதற்குப் பிறகு ஒரு பாடம், அதன் பின் மைதானம் என்று நேரசூசியை மாற்றினோம். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் யாரும் மைதானத்துக்கு வருவதில்லை.

அடுத்த முறை

மறுபடி ஒரு பாடசாலையில் தொடங்குவதென்றால் முதல் நாள் செய்வது மரம் நடுவது. நிலம், மணல், பந்து எல்லாம் ஒரு வருடத்தில் வந்துவிடும், நிழல் வராது. இந்தக் கார்த்திகையில் மேற்கு வேலியோரம் வேம்பும் மருதும் நட்டிருக்கிறோம். ஆடு எட்டாத உயரத்துக்குக் கூடு கட்டியாகிவிட்டது. பின்னேர வெயிலை அவை மறிக்க இன்னும் சில வருடம் செல்லும்.

மற்றது, இங்கே ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. இடமாற்றம் வந்தால் நாங்கள் எல்லோரும் போக வேண்டியவர்கள். அடுத்து வருபவர் ஓடுபாதையைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து அளக்கத் தேவையில்லை. வளைவுகளின் இரண்டு மையத்திலும் இரண்டடி நீள இரும்புக் குழாய் இறக்கிச் சீமெந்து போட்டிருக்கிறது. தலை மண்ணுக்கு நாலு விரற்கடை கீழே, கால் தடுக்காது. வடக்கு மையம் கொடிக்கம்பத்தின் அடியிலிருந்து 21.40 மீற்றர், கிணற்றுக் கட்டின் தெற்கு மூலையிலிருந்து 33.15 மீற்றர். இரண்டு கம்பியையும் பிடித்தால் அவை சந்திக்கும் இடத்தில் தோண்டலாம். தெற்கு மையம் அதிலிருந்து 36.67 மீற்றர், அதிபர் அறை வாசலுக்கு நேரே. அளவுகள் எல்லாம் எழுதிய கொப்பி விளையாட்டு அலுமாரியின் மேல் தட்டில், முறுக்கிய கட்டுக்கம்பியோடு இருக்கிறது.